மாதம் அறுபது கிலோ கசடு

உலோகத் தூய்மை மேம்பாட்டு வாரியம் ஆழ்ந்து பரிசீலித்து ஒரு முடிவுக்கு வந்தது. பழைய அலுமினியத்தை உருக்கினால் மேலே கசடு மிதக்கும். அதை வழித்தெடுத்தால் உலோகம் சுத்தமாகும். ஆகவே எந்தப் பட்டறை அதிகக் கசடு எடுக்கிறதோ, அதுவே அதிகச் சுத்தமான பட்டறை. மாதம் அறுபது கிலோ எடுக்காதவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று சுற்றறிக்கை போனது.

ஊரில் ஓர் உலைக்காரர் சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தார். உரிமம் முடிய இன்னும் ஒன்பது நாள். அவர் பட்டறையில் மாதம் எட்டு கிலோ தேறினாலே பெரிய விஷயம். காரணம் அவர் மனைவி. பழைய சாமான் வந்து இறங்கியதும் காந்தத்தை ஓட்டி இரும்பைப் பிரிப்பாள், திருகாணியைக் கழற்றுவாள், ரப்பரை அறுப்பாள், பெயிண்டைச் சுரண்டுவாள். குளிப்பாட்டித் தலைவாரிய பிள்ளை மாதிரிதான் சரக்கு உலைக்குள் போகும்.

மறுநாள் ஆய்வாளர் வந்து கசடுத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, தொட்டி காலியா கிடக்கு? இங்க சுத்திகரிப்பே நடக்கறதில்லையா?"

"நடக்குதுங்க. உலையில போடறதுக்கு முன்னாடியே வீட்டுல அழுக்கை எல்லாம் எடுத்துடறாங்க."

"படிவத்துல கசடுக்குத்தான் கட்டம் இருக்கு. அழுக்குக்கு இல்ல."

மனைவி எழுந்து வந்தாள். "சுத்தமா வெச்சிருக்கறது தப்பா சார்?"

"யாரும்மா அப்படிச் சொன்னா? சுத்தம் வரவேற்கத்தக்கது. ஆனா அழுக்கே இல்லாத இடத்துல சுத்தம் பண்ணீங்கன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அவள் வாயடைத்து நின்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உலைக்காரரால் முடியாத காரியம் அது.

அன்று சாயங்காலம் உலைக்காரர் இழுத்து இழுத்துப் பேசினார். "கொஞ்சம் காஞ்ச மண்ணு, துருப்பிடிச்ச ஆணி, ரெண்டு பெயிண்ட் டப்பா... சேத்துப் போட்டா என்ன?"

"என் கையாலயா?"

"உரிமம் போச்சுன்னா நம்ம வாயிலதான் மண்ணு."

அவள் அழுதுகொண்டே போட்டாள். ஒன்பதாம் நாள் தொட்டியில் எழுபத்தொரு கிலோ கசடு. ஆய்வாளர் பூரித்துப்போய் 'முன்மாதிரிப் பட்டறை' என்று எழுதி உரிமத்தையும் நீட்டினார்.

"மிதந்ததைத்தானே வழிச்சோம்?" என்றாள் மனைவி, அவர் போன பிறகு. "கரைஞ்ச இரும்பு உள்ளயே நிக்குதே. வார்க்கறது பொடுக்குன்னு உடையுமே."

"உள்ள நிக்கறதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல" என்றார் உலைக்காரர். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஊரில் மற்றப் பட்டறைக்காரர்களும் லேசுப்பட்டவர்களா? அவர்களும் மண்ணைத் தேடி அலைந்து அறுபதைத் தாண்டினார்கள். வாரியம் மகிழ்ந்து, பாராட்டு விழா வைத்து, அரங்கத்துக்கு வேண்டிய நாற்காலிகளை அவர்களிடமே செய்து வாங்கியது. தலைவருக்கான நாற்காலி மட்டும் முன்மாதிரிப் பட்டறையிலிருந்து வந்தது.

தலைவர் மாலையோடு அமர்ந்தார். நாற்காலிக் கால் ஒடிந்தது. தலைவர் தரையில் கிடந்தார். தொலைந்தோம் என்று உலைக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் எழுந்து தூசி தட்டினார். "ஏன் உடைஞ்சது?"

"உலோகத்துல இன்னும் அசுத்தம் இருக்குதுங்க ஐயா" என்றார் ஆய்வாளர். "அறுபது கிலோ எடுத்தது போதல. நூத்திருபதா உயர்த்தணும்."

"தொழில் தெரிஞ்சவர் என்ன சொல்றீங்க?"

எல்லாரும் உலைக்காரரைப் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சட்டைப் பையிலிருந்த உரிமத்தைத் தடவிக்கொண்டார்.

"நூத்தைம்பதா வெச்சா இன்னும் உறுதியா இருக்கும் ஐயா."

மனைவி கையை உருவிக்கொண்டாள். அரங்கமே கைதட்டியது. அத்தனை பட்டறைக்காரர்களும் கடைசிவரை நின்றுகொண்டேதான் தட்டினார்கள். அவரவர் செய்த நாற்காலியில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை.