வெட்டு விழாத சொல்

நாய் மனிதனைக் கடித்ததா, மனிதன் நாயைக் கடித்தானா என்பதில் ஏஞ்சலினின் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் பழைய கம்ப்யூட்டரைத் தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், தன் வீட்டில் வைத்து, மூளை நரம்புகளைப் போலப் பின்னிய இரண்டு செயற்கை மாணவர்களை அதற்குள் உட்கார்த்தியிருந்தாள். மூத்தது படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இளையது அதைக் கேட்டு எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேசிப் பேசி மனித மொழியின் ஒழுங்கு தானாக முளைக்கிறதா என்பதுதான் ஆய்வு.

முளைத்தது களை. நாய் மனிதனைக் கடிக்கும் படத்தைப் பார்த்து, மனிதன் நாயைக் கடித்தான் என்றது மூத்தது.

ஆய்வை மேற்பார்க்கும் விரிவுரையாளர் கந்தையா ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அவிசாவளைக்கு வருகிறார், அப்படியே எட்டிப் பார்ப்பார். சரிவராவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான்.

கேட்டுப் பழகியது போதாதோ என்று, ரப்பர் பால் வெட்டும் அம்மா தெரேசம்மாவின் பேச்சைக் கசெட்டில் பதிந்து, எழுதி உள்ளே போட்டாள். மூத்தது வாயாடியாகிவிட்டது. "அனே, கடிச்சிருச்சி நே, பாவம் நே" என்று சிங்களம் கலந்து புலம்பியதே தவிர, யார் யாரைக் கடித்தது என்று சொல்லவில்லை.

கூடுதலான ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண் வெட்டினாள். உடனே அதற்குக் கஞ்சத்தனம் பிடித்துக்கொண்டது. "நாய் மனுசன் கடி" என்றது. இளையது திருதிருவென்று விழித்தது.

பயத்தில் கடைசியாக ஒன்று செய்தாள். பிழைக்குப் பத்து மடங்கு வெட்டு.

ஞாயிறு காலை திரையைப் பார்த்தாள். நாய்ப் படத்துக்கும் "சரிங்க". மாட்டுப் படத்துக்கும் "சரிங்க". அம்மாவின் பேச்சில் பொறுக்கிய அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை, அதனால் பிழையுமில்லை, வெட்டுமில்லை. இளையதும் பதிலுக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

திருத்த நேரமில்லை. வாசலில் கந்தையாவின் த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது.

கந்தையா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மதிப்பெண் வெட்டிய கதையை ஏஞ்சலின் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"மனுசற்றை பாஷை எப்பிடி உருவாகுதெண்டு காட்டச் சொன்னனான். எந்த மனுசர் பிள்ளை இப்பிடிக் கதைக்கினம்?"

தேத்தண்ணியோடு வந்த தெரேசம்மா கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

"வாயத் தொறந்தா வெட்டுன்னா வேற என்னங்க சார் பேசும்? காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல, சம்பளத்த வெட்டிருவாருன்னு, தோட்டத்துத் தொர முன்னுக்கு நாங்க முப்பது வருசமா இதத்தான் பேசுறோம்."