காடு ஒரு விரல் மெலிந்த விவகாரம்

உயரத்தில் சிறியவரும் மரியாதையில் பெரியவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மச்சான் காட்டு முகாமிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், சமையல்காரர், அட்டைப்பூச்சிகள் எல்லாரும் நலம். எங்கள் ரத்தத்தைக் குடிப்பதால் அட்டைகள் கூடுதல் நலம். அங்கே உங்கள் உடைந்த காலும், அதை உடைத்த ஏணியும், ஏணியைப் பிடிக்காமல் போன என் தங்கச்சியும் நலமா?

உங்களுக்குப் பதிலாக என்னை இங்கே அனுப்பியபோது, "சும்மா மரத்தைக் கட்டிப் புடிச்சு டேப்பைச் சுத்துற வேலைதான் மச்சான்" என்றீர்கள். மரம் எங்கே நிற்கிறது என்று சொன்னீர்களா? நம் டாக்டரம்மா (ஊசி போடுகிறவர் இல்லை, மரத்துக்குப் படித்தவர்) ஒன்பது நாள் நடந்தாலும் தீராத காட்டை முழுசாக அளக்க முடியாது என்று, போன வருடமே கம்ப்யூட்டரை ஏவி வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது புள்ளி போட வைத்திருக்கிறார். புள்ளி விழுந்த இடத்தில் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற மரங்களை இனம் பார்த்து, பருமன் எடுத்து எழுத வேண்டும். அந்த நாற்பது சதுரம் சொல்வதுதான் மொத்தக் காட்டின் உடல்நிலையாம். கம்ப்யூட்டருக்கு என் மேல் என்ன கோபமோ, முதல் புள்ளியே இடுப்பளவு சேற்றில். "பக்கத்துல நிழலா ஓடை இருக்கேம்மா, கயித்தை அங்க கட்டிக்குவோமே" என்றேன். "நமக்குப் புடிச்ச எடமாப் பார்த்துக் கட்டினா, காடு முழுக்க ஓடையும் நிழலும்னுதான் கணக்குல வரும். எறங்குங்க" என்றார். இறங்கினேன்.

அங்கேதான் வினை. நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது சட்டம். போன வருடம் நீங்கள் மரத்துக்கு மரம் போட்ட மஞ்சள் கோடோ என் நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. பாவம், மாப்பிள்ளை தன் நெஞ்சுக்கு நேராகப் போட்டுவிட்டார் என்று நினைத்து, குடும்ப மானத்தைக் காப்பாற்ற, யாரிடமும் மூச்சு விடாமல் என் நெஞ்சுக்கு நேராகவே டேப்பைச் சுற்றிவிட்டேன். ஆறு வாரம். நாற்பது சதுரமும். மேலே போகப் போக மரம் மெலியும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

நேற்று டாக்டரம்மா கணக்கைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "ஒவ்வொரு மரமும் ஒரு விரல் மெலிஞ்சிருக்கு. காட்டுக்கே ஏதோ ஆயிடுச்சு." தலைமை ஆபீசுக்கு அவசரக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.

"சரியாச் சாப்பிடலையோ என்னமோ" என்றார் சமையல்காரர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, காட்டுக்கு ஒண்ணும் ஆகல. எங்க மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான்" என்று உண்மையைப் போட்டு உடைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன வருசக் கோடே தப்புன்னா ரெண்டு வருச வேலையும் குப்பை. அவரை இனிமே எப்படி வேலைக்கு வெச்சுக்கிறது?" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, கால் கட்டோடேயே திங்கட்கிழமை ஜீப்பில் ஏறி வந்துவிடுங்கள். டாக்டரம்மா பார்க்க மரத்தோரம் நின்று நெஞ்சை முடிந்தவரை மேலே தூக்குங்கள். தடிமனான செருப்பு இருந்தால் போட்டு வாருங்கள். உங்கள் வேலை இனி உங்கள் குதிகாலில்தான் இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் தாய்மாமன் உயரத்துக்கு வளர வாழ்த்துகள்.

இப்படிக்கு,
நெடிய மச்சான்

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும்போது டாக்டரம்மா என்னை இழுத்துக்கொண்டு போய், தரையிலிருந்து உங்கள் கோடு வரை அளந்தார். சரியாக ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். பத்து மரம் பார்த்தார், பத்தும் அதே. "நெஞ்சு உயரம்னா யார் நெஞ்சும் இல்லைங்க, இந்த அளவுதான். உங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். ஆபீஸ் கடிதத்தைக் கிழித்துவிட்டார். உங்கள் வேலை பத்திரம், காடும் பழைய பருமனில் பத்திரம். நாளை முதல் நாற்பது சதுரத்தையும் நான் மறுபடி அளக்கிறேன், சேற்றிலிருந்து ஆரம்பித்து. நீங்கள் வர வேண்டாம். மேலே 'எங்க மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம்' என்று வரும் இடத்தில் 'என் மச்சான் மடையன்' என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். தங்கச்சியிடம் காட்ட வேண்டியதில்லை. அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை.