இஸட் டிரைவில் என் லீவு

பத்து நாள் லீவு எடுப்பது, அதை என் மனைவிக்குத் தெரியாமல் எடுப்பது, வீட்டிலேயே இருந்து அனுபவிப்பது என்று முடிவு செய்தேன். தெரிந்தால் போச்சு. பரணில் ஆரம்பித்து ஃபேன் இறக்கை வரை துடைக்கவிட்டு, பத்து நாளும் என்னை ஏணி மேலேயே குடித்தனம் நடத்த வைத்துவிடுவாள்.

"இனி பத்து நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை" என்று அறிவித்தேன். அவள் நம்ப வேண்டுமே! ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரைக் கெஞ்சி, ஆபீஸ் சர்வரை என் லேப்டாப்பில் இணைத்துக்கொண்டேன். சி, டி டிரைவுகளுக்குக் கீழே இஸட் என்று புதிதாக ஒன்று முளைத்தது.

"இது என்னங்க புதுசா?"

"ஆபீஸ்ல இருக்கிற ஃபைல் எல்லாம் இதுக்குள்ள தெரியும். இங்க ஒரு எழுத்தை மாத்தினா அங்கயும் மாறிடும்."

"அடேங்கப்பா! நம்ம வீட்டு அலமாரி மாதிரி திறந்துக்கலாமா?"

"அதேதான். உனக்கெல்லாம் புரியாது, விடு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் நாள் பிரமாதம். இஸட்டைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கினேன். சத்தம் போடாமல் காபி வைத்துவிட்டுப் போனாள். பாவம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால், அவள் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?"

"உடம்பு சரியில்லைங்க."

"காலையில நல்லாத்தானே இருந்தே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். உங்க ஆபீஸ் லீவுப் பட்டியலைப் பார்த்த அப்புறம்தான் தெரிஞ்சுது."

எங்கள் ஆபீஸில் லீவு எடுப்பவர் சர்வரில் உள்ள பொதுப் பட்டியலில் தானே காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மேனேஜர் பக்கத்தில் 'சரி' போடுவார். நான் என் கையாலேயே எழுதியிருந்தேன்: 'பத்து நாள். மனைவிக்குக் கடும் முதுகுவலி. எழுந்திருக்க முடியாத நிலை. வீட்டு வேலை முழுவதும் நானே பார்க்க வேண்டும்.'

"ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல பாருங்க. எழுந்திருக்க முடியாதுன்னு வேற போட்டிருக்கீங்க. உங்க பேச்சை நான் என்னைக்கு மீறியிருக்கேன்?"

"அது வந்து... சும்மா..."

"சும்மாவா? அப்போ மேனேஜர்கிட்ட பொய்யா சொன்னீங்க? போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"வேண்டாம்மா! நீ படு!"

படுத்தாள். நான் பெருக்கினேன், துவைத்தேன், சமைத்தேன், சமைத்ததை நானே சாப்பிடவும் செய்தேன். அதுதான் கொடுமை. பொழுது போகவில்லை என்றாள். லேப்டாப்பையும் நானே கொண்டுபோய் மடியில் வைத்தேன். ஐந்தாம் நாள் முதுகுவலி எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது.

பத்தாம் நாள் சாயங்காலம் ஆனந்தமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்குப் போக இவ்வளவு ஆசைப்பட்ட மனிதன் உலகத்திலேயே இருந்திருக்க மாட்டான். மேனேஜரிடமிருந்து போன்.

"சார், நாளைக்குக் காலையில டாண்ணு வந்துடறேன்!"

"எங்க வர்றீங்க? பட்டியல்ல பத்து நாளை இருபதா மாத்தி நேத்துதானே எழுதியிருந்தீங்க? நானும் உடனே சரின்னு போட்டுட்டேன். அவங்களைத் தனியா விட்டுட்டு இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது, ஆமா!"

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"மேனேஜரா? நான் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க."