மாமியார் ஊர்ப் பாதையின் அழகு

சாலையழகு ரசிகர் என்றொரு இனம் உண்டு. நோன்புப் பெருநாள் சமயத்தில்தான் தலைகாட்டும். அதுவும் ஓராண்டு விட்டு ஓராண்டு. மலேசியாவில் எங்கள் பக்கம் கல்யாணமானவர்கள் ஒரு பெருநாளை அவன் அம்மா வீட்டிலும் அடுத்ததை அவள் அம்மா வீட்டிலும் கொண்டாடுவார்கள். இந்த இனத்துக்கு மாமியார் முறை வந்தால் மட்டும் கண் திறக்கும்.

என் தங்கை ரோஸ்னானியின் கணவர் ஷம்சூரியையே பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து மூவாருக்கு, தன் அம்மா வீட்டுக்கு, விரைவுச்சாலையில் ஏறினாரென்றால் இறங்கும்வரை நிறுத்தமே கிடையாது. பின்சீட்டில் பிள்ளை நெளிந்தால், "அடக்கிக்கடா, பாட்டி வீடு வந்துரும்!" வெளியே பார்க்க என்ன இருக்கிறது? "செம்பனைத் தோட்டம். வேறென்ன?"

கிளந்தானில் எங்கள் வீட்டு முறை வரட்டும், மனிதர் தலைகீழாக மாறிவிடுவார். மூடுபனிக்காகப் பழைய மலைப்பாதை. அந்த வளைவுகளில் பிள்ளைகள் முறைவைத்து வாந்தி எடுப்பார்கள். "தூங்காதீங்க, அருவி பாருங்க!" ரவூப்பில் டுரியான் பழக்கடை முன்னால் அரைமணி நேரம். நோன்பாயிற்றே, சாப்பிட முடியாதே என்கிறீர்களா? வாசனை பிடிக்கலாமே! அப்புறம் ஆறு, ஆற்றுக்கு மேலே பாலம், பாலத்தின் மேல் நின்று ஒரு படம்.

கடைசி நோன்பை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திறக்கவேண்டும், தங்கைக்கு அவ்வளவுதான் ஆசை. கல்யாணமான நாளாக அது ஒருமுறையும் நடக்கவில்லை. கஞ்சி ஆறி, நாங்கள் பாய் சுருட்டியபிறகுதான் கார் வரும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இவரோ, "ஆஹா, என்ன இயற்கை!" என்றபடி இறங்குவார்.

இந்த ஆண்டு குவா மூசாங்கில் சுண்ணாம்புக் குன்றுகள் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"அந்தப் பாறை யானை மாதிரி இல்ல?"

"பாறை மாதிரிதான் இருக்கு அபாங். வாங்க," என்றாள் தங்கை. கணவரை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

படம் பிடித்துத் திரும்பினால், ஓட்டுநர் இருக்கையில் தங்கை.

"பின்னாடி ஏறுங்க. நீங்க பாருங்க, நான் ஓட்டுறேன். ரெண்டையும் ஒரே ஆளு செய்யறதாலதான் லேட்டாவுது."

ஏறினார். வேறு வழி? பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் கண்ணயரும்போதெல்லாம், "அப்பா, மலை! அப்பா, வயல்!" என்று உலுக்கி எழுப்பினார்களாம். குவாலா கிராய் தாண்டியதும் மனிதர் நெளிய ஆரம்பித்தார்.

"கொஞ்சம் ஓரங்கட்டேன்... அவசரம்."

"அடக்கிக்குங்க, மாமியார் வீடு வந்துரும்."

பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கையிலேயே கார் வாசலுக்கு வந்துவிட்டது. பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவர் யாருக்கும் சலாம் சொல்லாமல் கொல்லைப்பக்கம் ஓடினார். தங்கை அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, மெல்லவும் மறந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கஞ்சியில் மிளகு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சிரிக்கிறீர்களா, ஐயா? சிரியுங்கள். உங்கள் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் நின்று ரசிக்கத் தக்க இடங்கள் எத்தனை? ஒன்றும் ஞாபகம் வரவில்லையா? சரி, மாமியார் வீட்டு வழியில்?

அடடா, விரல் மடக்க ஆரம்பித்துவிட்டீர்களே! கார்ச் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது என்று எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.