விசாரிப்பு சார் எடிட்டரான கதை

நாற்காலியில் உட்காராமலே இத்தனை வருஷ சர்வீஸை ஓட்டிய ஒரே நூலகர் இந்த உலகத்தில் எங்கள் விசாரிப்பு சார்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்துப் பார்த்துவிடலாம். திண்டிவனத்துக்கு வெளியே நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் அவருக்கென்று ஒரு சுழல் நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதன் பாலிதீன் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. காலை மணியிலிருந்து காலேஜ் பஸ் கிளம்பும்வரை அலமாரிக்கும் கம்ப்யூட்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். அவரிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் நாமும் கூடவே நடக்க வேண்டும். எனக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

பெயர் வந்த கதை இது. சந்தா கட்டாமல் யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஆய்விதழ்களுக்கு ஓப்பன் ஆக்சஸ் என்று பெயர். சந்தா கட்ட வழியில்லாத எங்கள் கல்லூரிக்கு அது பெரிய வரம். ஆனால் அதற்குள் போலிகளும் உண்டு. கட்டுரையைப் படித்துக்கூடப் பார்க்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு போட்டுவிடுவார்கள். அதனால் சார் ஒவ்வொரு இதழையும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரிப்பார்.

"இலவசம்னா நல்லதுன்னு எவன் சொன்னான்? எடிட்டர் யாரு, அவரு நெஜமாவே அந்த காலேஜ்ல இருக்காரா, கட்டுரைய யாரு படிச்சி சரி பாக்கறாங்க, பழைய இதழுங்க எங்க. எல்லாத்தையும் விசாரிச்சிக்கினு வர்றேன், அப்புறம்தான் நம்ம லிஸ்ட்ல சேப்பேன்" என்பார்.

விசாரிப்பு என்றால் சும்மா இல்லை. வெளிநாட்டில் இருக்கும் எடிட்டருக்கே போன் போட்டுவிடுவார். ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்தவர் யாரோ பேங்க் கார்டு நம்பர் கேட்கிறான் என்று பயந்து வைத்துவிட்டார். "போனை எடுத்தாரு இல்ல, ஆளு இருக்காரு. பாஸ்" என்றார் சார்.

எங்கள் பிரின்சிபாலுக்கு இதெல்லாம் புரியாது. கல்லூரியை ஆய்வு செய்ய வந்த குழுவினர் "ஓப்பன் ஆக்சஸ் இருக்கிறதா?" என்று கேட்டபோது, "நேத்தே எல்லா பீரோ பூட்டையும் எடுத்துட்டோம் சார்" என்று பெருமையாகச் சொன்னவர் அவர்.

விசாரணையில் தேறிய இதழ்களை மாணவர்களிடம் சேர்ப்பதிலும் சாருக்கு இருப்புக் கொள்ளாது. "படிக்கறவன் லைப்ரரிக்கு வரமாட்டான்மா. அவன் நிக்கற எடத்துக்கு நாமதான் போவணும்" என்று சொல்லி, ஸ்கேன் செய்தால் இதழ் திறக்கும்படி கியூஆர் ஸ்டிக்கர் அடித்து கேண்டீன், பஸ் ஸ்டாப், தண்ணீர் டேங்க் என்று கண்ட இடத்தில் ஒட்டினார். வாசல் டீக்கடையில் காசு வாங்குகிற கியூஆருக்குப் பக்கத்திலேயே ஒன்றை ஒட்டிவிட்டார். மறுநாள் டீக்கடைக்காரர் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"பேஜாரா போச்சு சார். டீ குடிச்சிட்டு ஸ்கேன் பண்றானுங்கோ, கடல்பாசி கட்டுரை வருது. அதப் பாத்துக்கினே போயிடறானுங்கோ, காசு வரல."

சார் நடையை நிறுத்தாமலே கேட்டார், "எத்தினி பேரு படிச்சானுங்கோ?"

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் மாட்டினேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். கட்டுரை வராவிட்டால் ஆய்வேடு போகாது. ஆய்வேடு போகாவிட்டால் வரும் ஜூனில் எனக்கு வேலை இருக்காது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் விவசாயிகள் ஏன் அரசு விற்பனைக் கூடமான கமிட்டிக்குப் போகாமல் வியாபாரியிடம் விற்கிறார்கள் என்பது என் கட்டுரை. ஒரு 'சர்வதேச சகல துறை ஆய்விதழ்' நான் அனுப்பிய வேகத்தில் அதை ஏற்றுக்கொண்டது. நான் கேண்டீனில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன். சாரும் நடந்துகொண்டே சாப்பிட்டார்.

"அட்ரஸ் விழுப்புரம்னு போட்டிருக்குதும்மா. பக்கத்துலதான இருக்குது, ஒரு எட்டு போய் விசாரிச்சிக்கினு வந்துடலாம்" என்றார்.

"அதெல்லாம் வேணாம் சார். அதான் எடுத்துக்கிட்டாங்க இல்ல."

"படிக்காம எடுத்துக்கினா அது உனக்குத்தான் அவமானம்."

வயிற்றெரிச்சலோடு கிளம்பினேன். பஸ் காலியாக இருந்தும் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் கேட்டதற்கு, "டிக்கெட் எடுத்தவன் உக்காரணும்னு சட்டமா?" என்றார்.

அந்த முகவரியில் இருந்தது பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விடும் கடை. "இங்க ஜர்னல் ஆபீஸ் எங்கங்க?" என்று சார் கேட்டார். கடைக்காரர் யோசித்துவிட்டு, "ஜமக்காளம் இருக்குது சார், எத்தினி வேணும்?" என்றார். பிறகு நினைவு வந்தவராக, "மாடியில எங்க மச்சான் கம்ப்யூட்டர் வெச்சிக்கினு ஏதோ பண்ணிக்கினு இருக்காரு, பாருங்க" என்று கைகாட்டினார்.

மச்சான் எங்களை மரியாதையாக வரவேற்று, இதழின் ஆசிரியர் குழுவைத் திரையில் காட்டினார். முதல் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். முதன்மை ஆசிரியர், பேராசிரியர், டாக்டர், ஆஸ்திரேலியா. படத்தில் எங்கள் விசாரிப்பு சார். கல்லூரி வெப்சைட்டிலிருந்து சுட்ட படம்.

"நான் எப்பப்பா ஆஸ்திரேலியா போனேன்?"

மச்சான் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பாக்கறதுக்கு கவுரவமா இருந்தீங்க, போட்டுட்டேன்."

நான் எதிர்பார்த்தது போலீஸ், கேஸ். சார் கேட்டதோ வேறு. "சரி, இங்க எடிட்டரு நானுதான?"

"ஆமாங்க சார்."

"அப்ப இந்தப் பொண்ணு கட்டுரைய பிரிண்ட் எடு, ஜல்தி."

மாடியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "விவசாயிங்கள கேட்டிருக்க. வியாபாரிய ஒரு வார்த்த கேக்கலயே. முடிவ மொதல்லயே எழுதி வெச்சிட்டு அப்புறம் ஊருக்குள்ள போயிருக்க. ரிஜெக்டட்." மேலே அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பதவி 'முதன்மை ஆசிரியர்'. ஆஸ்திரேலியாவை மட்டும் விட்டுவிட்டார். அந்த இதழின் சரித்திரத்திலேயே கட்டுரை ஒன்றைப் படித்துப் பார்த்து நிராகரித்தது அதுதான் முதல் தடவை. கையோடு தன் படத்தையும் என் கட்டுரையையும் எடுக்க வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வேலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாரே என்று மனதுக்குள் திட்டினேன். மயிலம் கூட்டுரோடு தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். "படிக்கவும் காசில்ல, போடவும் காசில்ல, அந்த மாதிரி நல்ல இதழு இருக்குதும்மா. நான் விசாரிச்சி வெச்சிருக்கேன். ஆனா திருப்பித் திருப்பிக் கேள்வி கேப்பாங்க. நீ வியாபாரிய பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்தேன். விதைக்கு முன்பணம் கொடுப்பதே தான்தான், அதனால் மூட்டையும் தன்னிடம்தான் வரும் என்று வியாபாரி சொன்னபோதுதான் என் கட்டுரைக்கே உயிர் வந்தது. திருத்தி அனுப்பினேன். அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. எனக்காவது வகுப்பு இருந்தது, சாருக்கு அதுவும் இல்லை. பீரியடுக்கு ஒருமுறை என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "மெயில் வந்துதா?" என்பார். மாணவர்கள் கோரஸாக, "இன்னும் இல்ல சார்" என்பார்கள். இதழ் கேள்வி அனுப்பியது, நான் பதில் அனுப்பினேன், மறுபடி கேள்வி வந்தது. ஆய்வேட்டுக்கான கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கட்டுரை வெளியானது.

நூலகத்துக்கு ஓடினேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சுழல் நாற்காலியின் பாலிதீன் உறை கிழிந்து தரையில் கிடந்தது. விசாரிப்பு சார் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் என் கட்டுரை. அந்த வழியாக வந்த பிரின்சிபால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, சார் உக்காந்துட்டாரு, நெஞ்சுவலியா? வண்டிய எடுங்கப்பா" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

சார் அசையவில்லை. அடிக்குறிப்புகள் வரை நிதானமாகப் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணாவது பக்கத்துல ஒரு கமா விட்டுப்போச்சு" என்றார். பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கட்டுரையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். யாரும் படிக்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை, அவர் உட்கார்ந்து படித்தார்.