முதல் அகப்பை

குளநாடு என்று ஒரு தேசம் இருந்தது. குளத்துக்குக் குறைவில்லை, ஆனால் எந்தக் குளத்திலும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. தூர்வாரும் திட்டம் ஆட்சிக்கு ஆட்சி அறிவிக்கப்பட்டு, அறிவிப்போடு முடிந்துபோனதில் கரைக்குக் கரை பாசி மூடிக் கிடந்தது. எதிர்க்கட்சி அதை அழுக்கு என்றது. அரசு அதைப் பசுமை என்றது. மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளித்தார்கள்.

அந்த நாட்டு அரண்மனை வாசலில் அஞ்சுகம் வடைக்கடை வைத்திருந்தாள். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு அடுப்பு, ஒரு வாணலி. புருஷன் போனபிறகு அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டது அந்த வாணலிதான்.

ஒருநாள், கடல்கடந்து படித்துவிட்டு வந்த நீலமேகன் என்கிற விஞ்ஞானி கையில் ஒரு குடுவையோடு வடை தின்ன வந்தான்.

"அது என்ன தம்பி குடுவையில?"

"நொதி, அக்கா. இட்லி மாவைப் புளிக்க வைக்குற சமாச்சாரம் மாதிரின்னு வெச்சுக்குங்க. பாசியிலேருந்து எண்ணெய் எடுத்து, மரச்சாராயம், அதான் மெத்தனால், சேர்த்து, இதையும் போட்டா டீசல் வந்துடும். அரசரோட எந்திரத் தேரே அதுல ஓடும். பாசி எண்ணெய்தான் வேணும்னு இல்ல, நீங்க வடை சுட்டு மிச்சம் வெக்கிற எண்ணெய்கூடப் போதும்."

"மிச்ச எண்ணெயா? ராசா மாதிரி எடுத்துக்கிட்டுப் போ. கொட்ட இடமில்லாம கெடக்கு" என்றாள் அஞ்சுகம். பாவி மகள், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் நீலமேகன் சபையில் நின்றான். வடைக்கூடையோடு அஞ்சுகமும் தூணோரம் நின்றாள். அரசர் மாவெற்றியார் குடுவையை உற்றுப் பார்த்தார்.

"இது கூலி கேட்குமா?"

"கேட்காது, அரசே. வேலை முடிந்த பிறகும் அப்படியே இருக்கும். திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம்."

"உண்ணாது, உறங்காது, ஊர்வலம் போகாது. குடிமகன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்" என்று அரசர் குடுவையைத் தட்டிக்கொடுத்தார்.

நீலமேகன் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னான். மரச்சாராயத்தைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுத்தான் ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் நொதி செத்துப்போகும். எரிபொருள் அமைச்சர் செம்பியதரையர் எல்லாம் புரிந்தது என்று தலையாட்டினார். அவர் எதற்குமே அப்படித்தான் தலையாட்டுவார்.

குளநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அரசு வேலையானாலும் பதவி வரிசைப்படி ஒவ்வொருவரும் தம் கையால் தொடங்கி வைக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் கோபித்துக்கொண்டு கட்சி மாறிவிடுவார். ஆகவே திறப்புவிழா அன்று, பாசி எண்ணெய் நிறைந்த கொப்பரையில் முதல் அகப்பை மரச்சாராயத்தை அரசர் ஊற்றினார். இரண்டாவதை அரசி ஊற்றினார். பிறகு அமைச்சர்கள், மாவட்டங்கள், வட்டங்கள், வட்டங்களின் மைத்துனர்கள்.

"போதும், நிறுத்துங்க" என்று கத்தினான் நீலமேகன்.

"பொறுங்கள் தம்பி. மகளிரணி இன்னும் ஊற்றவே இல்லை" என்றார் செம்பியதரையர்.

நொதி அன்று மாலைக்குள் செத்தது. கொப்பரையில் போட்டது போட்டபடி கிடந்தது.

உண்மையைச் சொன்ன நீலமேகனை, நொதியின் மாண்புக்குக் களங்கம் விளைவித்ததாகக் கூறிக் காவலில் வைத்தார்கள். விசாரணைக் குழு விருந்து சாப்பிட்டுவிட்டு அறிக்கை தந்தது. நொதி சாகவில்லை, ஓய்வில் இருக்கிறது. குறை எண்ணெயில்தான், அது போதவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் கொதித்தெழுந்தார். "இது பகல்கொள்ளை. இவர்களின் அகப்பை சிறியது. நாங்கள் வந்தால் அண்டாவால் ஊற்றுவோம்." மக்கள் கைதட்டினார்கள்.

அதன்பிறகு ஆணைக்கு மேல் ஆணை வந்தது. முதலில் வடைக்கடைகளின் மிச்ச எண்ணெயைக் கொண்டுபோய் அதே கொப்பரையில் கொட்டினார்கள். அடுத்து மிச்சமாகாத எண்ணெயைக் கொண்டு போனார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பது தேசத்துரோகம் ஆயிற்று. வாசல்தோறும் காவலர்கள் மக்களின் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார்கள்.

அஞ்சுகம் வேறு வழியில்லாமல் வடையை ஆவியில் வைத்தாள். அது வடையும் இல்லை, இட்லியும் இல்லை. நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அரசு உடனே அதற்கு 'ஆரோக்கிய வடை' என்று பெயர் சூட்டி விழா எடுத்தது. விழாவுக்கு வந்த ஒருவரும் அதைத் தின்னவில்லை.

"அம்மா, பசிக்குதும்மா" என்று சின்னவள் அழும்போதெல்லாம் அஞ்சுகம் எழுந்து அடுப்பருகே போனாள். காலி வாணலியைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். ஒரு குப்பி எண்ணெய் கிடைத்தால் போதும், மறுபடி எழுந்து நின்றுவிடலாம் என்று கிடந்தாள்.

தேர்தல் வந்தது. அரசர் எந்திரத் தேரில் ஊர்வலம் வந்தாக வேண்டும். டீசல் இல்லாததால் வீட்டுக்கு ஓர் ஆள் தேரைத் தள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. தள்ளுகிறவர்களுக்குக் கூலி கிடையாது, 'மக்கள் நொதி' என்ற பட்டம் உண்டு. அஞ்சுகமும் தள்ளினாள். பக்கத்தில் விலங்கோடு நீலமேகனும் தள்ளினான்.

தேர் அவள் கடைமுன் நின்றது. செம்பியதரையர் இறங்கி, ஓவியர்கள் படம் வரைய வசதியாகத் திரும்பி நின்றுகொண்டு, அவள் கையில் ஒரு குப்பியைக் கொடுத்தார். குப்பிமேல் அரசர் சிரித்தார்.

"மாவெற்றியாரின் விலையில்லா எண்ணெய். வடை சுடுங்கள் தாயே. நாடு பார்க்கட்டும்."

அஞ்சுகம் மூடியைத் திறந்தாள். பெருங்காய மணம் வந்தது. அவள் கடை எண்ணெயேதான். கொப்பரையிலிருந்து அள்ளி அவளுக்கே தானம் கொடுக்கிறார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் கொட்டகைக்குள் அக்காளோடு நின்ற சின்னவளின் முகத்தைப் பார்த்து, அடுப்பை மூட்டி வாணலியை ஏற்றினாள்.

"வேற ஏதோ நெடி அடிக்குதுங்களே."

"அது வளர்ச்சியின் நெடி" என்றார் அமைச்சர்.

"அக்கா, அது சாராயம், அடுப்புல வெக்காதீங்க" என்றான் நீலமேகன். காவலர்கள் அவன் வாயைப் பொத்துவதற்குள் அவள் குப்பியை வாணலியில் கவிழ்த்திருந்தாள்.

குப்பென்று பற்றியது. அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் தீ கீற்றில் ஏறிவிட்டது. தேரில் அரசர் எழுந்து நின்று வணங்கினார். முரசு முழங்கியது. எண்ணெய் எரிபொருள் ஆகிவிட்டது, நொதி வென்றுவிட்டது என்று செம்பியதரையர் அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் தீ போதாது என்றார்.

அஞ்சுகம் அமைச்சரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, என் கடை எரியுதுய்யா."

செம்பியதரையர் பெருமிதத்தோடு தலையாட்டினார்.

"அதைத்தானே தாயே நானும் சொல்கிறேன். எரிகிறது."