கேசட்டில் கற்ற பிரெஞ்சு

எனக்குப் பிரெஞ்சில் மொத்தம் ஆறு வார்த்தைகள் தெரியும். அந்த ஆறையும் நம்பி, "எனக்குப் பிரெஞ்சு தெரியும்" என்று ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் என் மாமனார். அப்போது அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை என்பதுதான் சிக்கலே.

அந்த ஆறு வார்த்தைகளும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தவை அல்ல. முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரான்சுக்கே குடிபோனபோது, எங்களுக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடவே ஒரே ஒரு கேசட். கார் பந்தயம். கேசட்டை உருவி, வாயால் இரண்டு ஊது ஊதி, மறுபடியும் சொருகினால்தான் டிவியில் படம் வரும். (ஊதுவதால் ஒரு பயனும் இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும்.)

அதில் தீப்பெட்டி அளவில் ஒரு சிவப்புக் கார் ஓடும். திருப்பம் வருவதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் ஜலதோஷக் குரலில் கத்துவான். "அ த்ருவாத்!" என்றால் வலது பக்கம். "அ கோஷ்!" என்றால் இடது பக்கம். இன்னும் வேகமாக, ஜாக்கிரதை, சபாஷ் என்பதற்கு ஒவ்வொரு வார்த்தை. தோற்றுப்போனால் "பெர்தூ". அவ்வளவுதான் என் பிரெஞ்சு. பாதை நேராக இருந்தால் அந்த ஆள் வாயையே திறக்க மாட்டான். நேராகப் போவதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனதற்கு அவன்தான் பொறுப்பு.

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மீசையெல்லாம் வைத்துக்கொண்ட பிறகும், ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்தக் கேம்தான். எதிர்க் கம்பெனியில் வேலை பார்த்த மாலினிக்கு இது தெரியும். தெரிந்தும் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; கூப்பிடும்போது சாருக்குப் பதில் மிசியே. ஒவ்வொரு ஜூலை பதினாலும் காலையில், கடற்கரையில் போர் நினைவுச்சின்னத்துக்கு முன்னால் அவர்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அவருக்கு ஒரு விரதம் உண்டு. அன்றைக்குக் கோட்டில் மெடலைக் குத்திவிட்டால், விழா முடிகிற வரை தமிழில் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த வருஷம் அவர்கள் சங்கத்துக் கொடியைப் பிடிக்கும் முறை அவருடையது. அதற்காகப் பல வருஷம் காத்திருந்தவர். வழக்கமாக அவருக்குக் கார் ஓட்டுகிறவர் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். மாலினியின் அப்பாவுக்கோ முழங்கால் வலி. மாலினி இதில் ஒரு வாய்ப்பைப் பார்த்தாள்.

"நீ வந்து அப்பாவ பீச்சுக்கு கூட்டிகினு போய் உட்ரு. அவருக்கு உன்ன புடிச்சிடும். எதனா சொன்னா தலய ஆட்டு. பிரெஞ்சு தெரியும்னு மட்டும் சொல்லித் தொலைக்காத."

காலையில் போனேன். அவர் மெடல்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "தம்பிக்கு பிரெஞ்சு வருமா?" என்று கேட்டார்.

"வரும், மிசியே" என்றேன். (நான் சொல்லவில்லை. வாய் சொன்னது.)

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உடனே கோட்டை மாட்டினார், மெடலைக் குத்தினார். அதோடு தமிழ் முடிந்தது. பின்னால் நின்ற மாலினி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

உறை போட்ட கொடிக்கம்பு காருக்குள் அடங்கவில்லை. பின் ஜன்னல் வழியாக ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். டவுனுக்குள் வரும்வரை அவர் பேசவில்லை, நானும் ஒழுங்காக நேராக ஓட்டினேன். கடைசியில் கிழக்கே போகும் ஒரு தெருவுக்கு வந்தோம். தெருக்கோடியில் கடல் தெரிந்தது. நேராகப் போய் நிறுத்தினால் வேலை முடிந்தது.

முனையில் ஒரு ரொட்டிக் கடை. அங்கே வந்ததும் அவர் கையை நீட்டி, "தூ த்ருவா!" என்றார்.

தூ த்ருவா என்றால் நேராகப் போ. அது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குக் கேட்டதெல்லாம் 'த்ருவா' மட்டும்தான். இருபது வருஷப் பயிற்சி சும்மா இருக்குமா? கை தானாக ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விழாவுக்காகப் பாதையை மாற்றிவிட்டிருக்கிறார்கள், பையனுக்கு விவரம் தெரியும் என்று நினைத்தாராம். அடுத்த முனையில் கடல் பக்கம் திரும்ப முடியாமல் தடுப்பு வைத்திருந்தார்கள். சரி, அடுத்த தெருவில் பார்க்கலாம் என்று, "தூ த்ருவா" என்றார். நான் மறுபடியும் வலது பக்கம் திரும்பினேன். இப்போது கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கடுத்த முனையில் இடது பக்கம் ஒருவழி, நுழையக் கூடாது. "நோன், நோன், தூ த்ருவா!" என்று குரலை உயர்த்தினார். நானும் உற்சாகமாக மறுபடியும் வலது.

நான்காவது முனையில் நிஜமாகவே வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. "அ த்ருவாத்!" என்றார். திரும்பினேன். அவர் பெருமூச்சு விட்டு, "சபாஷ்" என்பதை அவர் பாஷையில் சொன்னார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும்! பரவாயில்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இந்த முறை அவர் சொன்ன 'த்ருவா'வின் கடைசியில் ஒரு 'த்' கூடுதலாக இருந்ததைக் கவனிக்கவில்லை.

எதிரே அதே ரொட்டிக் கடை. தெருக்கோடியில் அதே கடல்.

"தூ த்ருவா!"

வலது.

இரண்டாவது சுற்றில் அவர் காது சிவந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் ரொட்டிக் கடை வாசலில் நின்றவர்கள் எங்களுக்குக் கையாட்டினார்கள். ஜன்னலில் கொடி நீட்டிக்கொண்டிருந்ததால், இதுவும் விழாவில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள் பாவம். எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் பெரிய மனுஷன் சொல்கிறார், ராணுவத்தில் இருந்தவர், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன். (வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். எந்தப் பாஷையில் கேட்பது?) அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு "பெர்தூ..." என்று முனகினார். அந்த வார்த்தையும் எனக்குத் தெரியும்.

நான்காவது முறை ரொட்டிக் கடைக்கு வந்தபோது, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

"நானும் பாத்துகினே கீறன், மூணு ரவுண்டு ஆச்சு. எந்த வூட்ட சார் தேடறீங்க?"

"நான் இன்னா சார் பண்றது? இவருதான் ரைட்ல போவச் சொல்லிகினே இருக்காரு" என்றேன்.

பக்கத்தில் ஒரு வெடி வெடித்தது. "டேய்! நேரா போவச் சொன்னேன்டா! நேரா! எத்தினி வாட்டிடா சொல்றது?"

அத்தனை வருஷ விரதம் அங்கே முடிந்தது. அதே நேரம் கடற்கரைப் பக்கமிருந்து எக்காளச் சத்தம் கேட்டது. விழா ஆரம்பித்துவிட்டது. இனிமேல் போனாலும் வரிசையில் இடமில்லை.

அவர் அதற்கப்புறம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காரை விட்டு இறங்கி, கொடியை உருவி உறையைக் கழற்றினார். நொண்டிக்கொண்டே போய் ரொட்டிக் கடைக்கு முன்னால், கடலைப் பார்த்து விறைப்பாக நின்றார். போலீஸ்காரர் எதற்கென்று தெரியாமலே சல்யூட் அடித்தார். எக்காளம் நின்று தெருவே அமைதியாக இருந்தது. நானும் நிற்க வேண்டும் என்று அவசரமாக இறங்கியதில் என் முழங்கை ஹாரனை அழுத்தி, அது பாம் என்று அலறியது. அவர் திரும்பவில்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் வழிந்தது. நான் செத்தே போயிருக்கலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிரெஞ்சு எங்க கத்துகின?"

"வீடியோ கேம்ல, மிசியே."

"சுத்தம்" என்றாள் மாலினி.

"கொண்டா அத" என்றார் அவர்.

கொண்டுபோனேன். கேசட்டை நான் ஊதுவதை முறைத்துப் பார்த்தார். பிறகு மதியச் சாப்பாட்டை மறந்து ஆடினார். தோற்றார், ஆடினார், தோற்றார். அந்த ஜலதோஷக் குரல் சொல்வதையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சாயங்காலம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"இதுல நேரா போவச் சொல்ற வார்த்தையே இல்லம்மா. பையன் பொய் சொல்லல, பாதிதான் படிச்சிருக்கான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா காலைலருந்து, நான் சொல்றன்னு நெனச்சத ஒரு கேள்வி கேக்காம செஞ்சான் பாரு. பட்டாளத்துலகூட அப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல. கட்டிக்கோ."

மூன்று மாதத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும், மாலினியின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்ற எழுந்தேன். எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தடுமாறிவிட்டேன். முதல் வரிசையில் மெடலோடு உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

"மாப்ள! அ த்ருவாத்த்த்! இப்ப சுத்து, எத்தினி ரவுண்டு வேணா சுத்து!"

ஐயருக்கே சிரிப்பு தாங்கவில்லை, மந்திரம் நின்றுவிட்டது. கல்யாண வீடியோவில் எல்லாம் அப்படியே பதிந்திருக்கிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பிக்கு முன்னால் அதைத்தான் போட்டுக்காட்டுகிறார்கள். மூன்று சுற்று முடிந்த பிறகு, நாலாவதுக்குக் கிளம்பிய என்னை மாலினி விரலைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது வரை.